மிளகு தனியாக இருக்கப் பழகிய நாட்கள்

2023 தீபாவளி முடிந்த அடுத்த சனிக்கிழமை அவள் என் வீட்டுக்கு வந்தாள். சென்னை மடிப்பாக்கத்தில் எங்கள் குடியிருப்பின் கீழே, ஸ்கூட்டர்கள் நிறுத்தும் இடத்தில் இரண்டு நாளாக ஒரு பூனைக்குட்டியின் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. தாய்ப்பூனை இரை தேடிப் போயிருந்தால் திரும்பி வரும், அவசரப்பட்டுத் தூக்கிவிட்டால் தாயையும் பிள்ளையையும் பிரித்த பாவம் என்று தள்ளி நின்றே பார்த்தேன். இரண்டாம் நாள் மாலை வாட்ச்மேன், "தாய்ப்பூனை வியாழக்கிழமையிலேர்ந்து கண்ணுல படல சார்" என்றார். குட்டியின் குரல் அதற்குள் கம்மிப்போயிருந்தது. ஒரு துண்டில் சுற்றி எடுத்து வந்தேன். முழுக் கறுப்பு, உள்ளங்கை அளவு. மிளகு என்று பேர் வைத்தேன்.

நான் தனியாக இருப்பவன். கிண்டியில் வேலை. காலை எட்டரைக்குப் போனால் திரும்ப ஆறரை, ஏழு ஆகும். அதனால் குட்டியைத் தூக்கிய நிமிடத்திலிருந்தே ஒரே கவலைதான்: பத்து மணி நேரம் இது எப்படித் தனியாக இருக்கும்? அந்தக் கேள்வியோடு ஒன்றரை மாதம் இருந்தேன். நான் செய்ததையும், செய்யாமல் இருந்திருக்க வேண்டியதையும் எழுதி வைக்கிறேன்.

முதல் ராத்திரி இரண்டு தவறு செய்தேன். பசிக்குமே என்று பசும்பால் கொடுத்தேன். விடிவதற்குள் வயிற்றுப்போக்கு. பூனைக்குட்டி என்றாலே பால் என்று நமக்குச் சின்ன வயதிலிருந்து பதிந்திருக்கிறது, ஆனால் பசும்பாலில் இருக்கும் லாக்டோஸ் நிறையப் பூனைகளுக்குச் செரிப்பதில்லை. இன்னொன்று, வீடு முழுக்கத் திறந்து விட்டேன். பாவம், அடைத்து வைப்பானேன் என்று நினைத்தேன். அவள் நேராகப் போய் ஃபிரிட்ஜின் பின்னால் புகுந்துகொண்டாள். மூன்று மணி நேரம் அங்கேயே இருந்து கத்தினாள். நான் கையை நீட்ட நீட்ட இன்னும் உள்ளே போனாள்.

மறுநாள் கால்நடை மருத்துவரிடம் காட்டினேன். எடை 610 கிராம். பாற்பற்கள் வந்துவிட்டன, கண்ணின் நீலம் மாறத் தொடங்கியிருக்கிறது, ஆறேழு வாரம் இருக்கும் என்றார். எடைக்கு ஏற்பக் குடற்புழு மருந்து கொடுத்தார். வயிறு சரியானதும் முதல் தடுப்பூசி, அப்புறம் மூன்று நான்கு வாரத்துக்கு ஒன்றாக அடுத்தவை, மூன்று மாதம் ஆனதும் வெறிநோய்த் தடுப்பூசி என்று எழுதிக் கொடுத்தார். அதற்கு முன்னால் கடித்தோ கீறியோ ரத்தம் வந்தால், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு நேரே ஊசிக்குப் போங்கள், குட்டிதானே என்று விடாதீர்கள் என்றார். எனக்குக் கீறல் பட்டது, போய்ப் போட்டுக்கொண்டேன். பினாயிலை அன்றோடு நிறுத்தச் சொன்னார். அதில் இருக்கும் பொருளைப் பூனையின் கல்லீரல் எளிதில் முறித்து வெளியேற்றாதாம். தரையில் நடந்த பாதத்தை நக்கினாலே உள்ளே போய்விடும். வீட்டில் குழந்தை இருந்தால்கூட நாம் இவ்வளவு பார்ப்பதில்லை, ஆனால் பூனை விஷயத்தில் இது கட்டாயம்.

குட்டிக்குப் பெரிய வீடு தேவையில்லை என்பதையும் அவர்தான் சொன்னார். ஒரு அறை போதும். எங்கே சாப்பாடு, எங்கே மலம் கழிக்கும் மண், எங்கே ஒளிந்துகொள்ளலாம் என்பது ஒரே பார்வையில் அதற்குத் தெரிய வேண்டும்.

அந்த வார்த்தையை அப்படியே பிடித்துக்கொண்டேன். படுக்கையறையை அவளுக்கு ஒதுக்கினேன். அட்டைப்பெட்டி ஒன்றைக் கவிழ்த்து வாசல் மாதிரி வெட்டி, உள்ளே அம்மாவின் பழைய நூல் புடவையை மடித்துப் போட்டேன். துவைத்த புடவை இல்லை, நான் போர்த்திக்கொண்டு தூங்கியது. என் வாசனை அதில் இருக்க வேண்டும் என்பதற்காக. வெந்நீர் பாட்டிலைத் துணி சுற்றி ஓரமாக வைத்தேன், சூடு அதிகமானால் அவள் தள்ளிப் படுக்க இடம் விட்டு. ஒரு மூலையில் சலித்த மணல் போட்ட பிளாஸ்டிக் தட்டு. முதலில் அதைச் சாப்பாட்டுக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தேன், அவள் அதைத் தொடாமல் என் துவைத்த துணி மேல் போய்விட்டாள். எதிர் மூலைக்கு மாற்றியதும் அன்றைக்கே மணலில் போய், காலால் மூடியும் விட்டாள். சாப்பிடும் இடத்தில் யார்தான் அப்படிப் போவார்கள்?

திங்கள் முதல் புதன் வரை விடுப்பு எடுத்தேன். முதல் நாள் நான் செய்தது ஒன்றே ஒன்று: தரையில் உட்கார்ந்திருந்தேன். தூக்கவில்லை, கூப்பிடவில்லை. ஏதோ வாசித்துக்கொண்டிருந்தேன். மதியம் மூன்று மணிக்குப் பெட்டியிலிருந்து ஒரு மூக்கு வந்தது. நாலரைக்கு என் கால் கட்டைவிரலை முகர்ந்து பார்த்தாள். நேராகக் கண்ணைப் பார்த்தால் பூனைக்கு மிரட்டல் மாதிரி, அதனால் பார்த்தாலும் மெதுவாக இமையை மூடி மூடித் திறந்தேன். ராத்திரி எட்டு மணிக்கு அவளும் அப்படியே திருப்பிச் செய்தாள். அந்த நிமிடத்தை நான் மறக்க மாட்டேன்.

ராத்திரிகள்தான் கஷ்டம். விளக்கை அணைத்ததும் கத்தல் தொடங்கும். ஒவ்வொரு தடவையும் ஓடிப் போய்த் தூக்கினால் கத்தினால் ஆள் வரும் என்று பழகும், கண்டுகொள்ளாமல் விட்டால் ஏற்கெனவே தாயைத் தொலைத்த குட்டி இன்னும் பயப்படும். இரண்டுக்கும் மனம் ஒப்பவில்லை. அதனால் பாயை எடுத்துக்கொண்டு போய் அவள் பெட்டி பக்கத்திலேயே படுத்தேன். மூன்று ராத்திரி அப்படி. நான்காம் ராத்திரியிலிருந்து பாயை ஒவ்வொரு முழமாக வாசல் பக்கம் நகர்த்தினேன். கதவு தாண்டி ஹாலுக்கு வர எட்டு ராத்திரி ஆனது. படுப்பதற்கு முன்னால் ஒரு குச்சியில் துணி கட்டி இருபது நிமிடம் அவளை ஓட விடுவேன், களைத்ததும் சாப்பாடு. வேட்டை, சாப்பாடு, உடம்பை நக்கிக்கொள்வது, தூக்கம் என்பதுதான் பூனையின் உடம்பில் இருக்கும் வரிசை. அந்த வரிசையை நாம் முடித்துக் கொடுத்தால் தூக்கம் தானாக வருகிறது. விளையாட்டுக்குக் கையைக் கொடுக்கவே கூடாது என்பதில் மட்டும் பிடிவாதமாக இருந்தேன். நூல், ரப்பர் பேண்ட், பூ கட்டும் நார் எல்லாம் டப்பாவில் போய்விட்டன. விழுங்கினால் குடலில் சிக்கிக்கொள்ளும்.

தனியாக விடும் பழக்கத்தை விடுப்பு முடியும் முன்பே தொடங்கினேன். முதலில் இரண்டு நிமிடம் வெளிக்கதவைப் பூட்டிக்கொண்டு படிக்கட்டில் நின்றேன். அப்புறம் ஐந்து, பத்து. முனைக் கடைக்குப் போய்வர இருபது. போகும்போது கொஞ்சிக்கொண்டு விடைபெறவில்லை, வந்ததும் ஓடிப்போய்த் தூக்கவில்லை. நான் போவதும் வருவதும் அவளுக்கு மழை வருவது போல, வெயில் வருவது போல ஆகிவிட வேண்டும் என்று நினைத்தேன்.

அப்போது ஒன்றைக் கவனித்தேன். நான் கதவைத் தொடும் முன்பே, ஹெல்மெட்டைக் கையில் எடுத்த உடனே அவள் கத்த ஆரம்பித்துவிடுகிறாள். மூன்றே நாளில் ஹெல்மெட் என்றால் ஆள் போகிறான் என்று படித்துவிட்டாள். சரி, அந்தப் பாடத்தைக் கலைக்கலாம் என்று, ஒரு நாளைக்கு ஏழெட்டு முறை ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு அவள் அறையிலேயே உட்கார்ந்தேன். சாவியைக் குலுக்கிவிட்டுக் காபி போடப் போனேன். வாரக் கடைசியில் ஹெல்மெட் வெறும் ஹெல்மெட் ஆகிவிட்டது. இப்போதும் அதற்குள் படுத்துத் தூங்குவாள்.

வியாழக்கிழமை வேலைக்குப் போனேன். அந்த வயதுக் குட்டிக்கு நாளைக்கு நான்கு வேளையாவது கொடுக்க வேண்டும், பத்து மணி நேரம் யாரும் எட்டிப் பார்க்காமல் விடுவது தப்பு. எதிர்வீட்டு அக்காவிடம் போய்க் கேட்டேன். "இதுக்கு என்ன தம்பி தயங்கறீங்க, காலேஜ் விட்டு வந்ததும் பாப்பா பாத்துப்பா" என்றார். அந்தப் பெண் தினமும் பன்னிரண்டரைக்கு வந்து சாப்பாடு போட்டு, அரை மணி நேரம் விளையாடிவிட்டுப் போனாள். அது இல்லாமல் என்னால் முடிந்திருக்காது. தனியாக இருப்பவர்கள் குட்டி எடுக்கும் முன் முதலில் தேட வேண்டியது இப்படி ஒரு மனிதரைத்தான், கூண்டும் பொம்மையும் அப்புறம்.

ஆனால் இரண்டாம் நாளே மாடிவீட்டுக்காரர் மாலையில் நிறுத்திச் சொன்னார்: "நாள் பூரா கத்துதுங்க. கேக்கவே மனசு தாங்கல." எனக்குச் சோறு இறங்கவில்லை. இன்னொரு குட்டி எடு, துணை இருந்தால் சரியாகிவிடும் என்று நண்பர்கள் சொன்னார்கள். ஒரே ஈற்றுக் குட்டிகள் இரண்டைச் சேர்த்து எடுத்தால் நல்லதுதான், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் பயந்து கிடக்கும் ஒரு குட்டியின் அறைக்குள் வேறொரு புதுக்குட்டியைக் கொண்டுவந்து விடுவது அவளுக்கு உதவியா, இன்னொரு அதிர்ச்சியா? எனக்கு அது சரியாகப் படவில்லை.

பதிலாக, பழைய போன் ஒன்றை அலமாரி மேல் வைத்து, நான் போன பிறகு நடப்பதைப் பதிவு செய்தேன். ராத்திரி உட்கார்ந்து பார்த்தேன். அவள் நாள் முழுக்கக் கத்தவில்லை. நான் போனதும் பதினெட்டு நிமிடம் கத்தினாள், பெட்டிக்குள் போய்த் தூங்கினாள். அப்புறம் படிக்கட்டில் யாரோ செருப்புச் சத்தத்தோடு ஏறும்போதெல்லாம் எழுந்து கதவுக்கு ஓடிக் கத்தினாள். கூரியர்காரர், தண்ணீர் கேன் போடும் தம்பி, வேலைக்கு வரும் அம்மா, ஒவ்வொருவரும் நான்தான் என்று. அவர்கள் தாண்டிப் போனதும் கத்தல் இன்னும் கூடும். படுக்கையறையின் ஒரு சுவர் படிக்கட்டை ஒட்டி இருந்தது, அதை நான் யோசிக்கவே இல்லை.

அதைப் பார்த்தபோது அழுதுவிட்டேன். தனிமையைவிட, வருகிறார் வருகிறார் என்று எதிர்பார்த்து ஏமாந்துகொண்டே இருந்ததுதான் அவளை வாட்டியிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் பின்பக்கத்துச் சின்ன அறைக்கு மாற்றினேன். அதே பெட்டி, அதே துவைக்காத புடவை, அதனால் இடம் மாறியதை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஜன்னலுக்கு வலை அடித்து, கீழே ஒரு ஸ்டூல் போட்டேன். வெளியே முருங்கை மரம், அணில், காக்கை. ரேடியோவில் விவித் பாரதியைச் சன்னமாக வைத்துவிட்டுப் போனேன், படிக்கட்டுச் சத்தம் அதில் கொஞ்சம் கரையும். முட்டை வைக்கும் அட்டையின் குழிகளில் குட்டிகளுக்கான உலர் உணவை நாலு நாலாகப் போட்டு, மேலே காகித உருண்டைகளை வைத்தேன். நான் கதவைச் சாத்தும் நேரத்தில் அவள் காகிதத்தைத் தட்டிக்கொண்டிருப்பாள். பதினெட்டு நிமிடம் ஏழானது, நாலானது.

அந்தச் சமயத்தில்தான் மிக்ஜாம் புயல். டிசம்பர் 4 ஆம் தேதி தெருவில் முழங்கால் தண்ணீர், மின்சாரம் இல்லை. அந்த வாரம் முழுக்க நான் வீட்டிலேயே இருந்தேன். இருட்டில், காற்றுச் சத்தத்தில் அவள் என் வயிற்றின் மேலேயே கிடந்தாள். நானும் இறக்கி விடவில்லை. அந்த நாட்களில் அவள் எனக்கும் துணையாக இருந்தாள். ஆனால் அடுத்த திங்கள் வேலைக்குப் போனதும் பழைய கத்தல், இருபது நிமிடம். செய்ததெல்லாம் வீணா என்று தோன்றியது. வீணாகவில்லை. மறுபடி சின்னச் சின்னப் போய்வருதல்களைக் காலையும் மாலையும் செய்தேன், நான்கே நாளில் பழைய நிலைக்கு வந்துவிட்டாள். அதிலிருந்து விடுமுறை நாளிலும் ஒரு மணி நேரமாவது அவளைத் தனியாக விடுகிறேன்.

சாப்பாட்டைப் பற்றி ஒன்று. உப்பு, வெங்காயம், பூண்டு எதுவும் சேர்க்காமல் வேகவைத்த கோழியை விரும்பிச் சாப்பிட்டாள், ஆனால் வெறும் கோழி வளரும் குட்டிக்குப் போதாது. குட்டிகளுக்கான உணவுதான் முதன்மை. வாரம் சுமார் 100 கிராம் கூடியது.

டிசம்பர் கடைசி வாரம் ஒரு நாள் பதிவைப் பார்த்தேன். நான் போனதும் கதவு வரை வந்து, நின்று, திரும்பினாள். முட்டை அட்டையைத் தட்டினாள், சாப்பிட்டாள், முன்னங்காலை நக்கி முகம் துடைத்தாள், ஸ்டூல் மேல் ஏறி அணிலைப் பார்த்தாள். பிறகு புடவைக்குள் சுருண்டாள். பத்தேகாலுக்குப் படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது, தண்ணீர் கேன் இறங்கும் சத்தமும். அவளுடைய ஒரு காது மட்டும் அந்தப் பக்கம் திரும்பி, மறுபடி படிந்தது. தலையைத் தூக்கவில்லை. அன்றோடு அலமாரி மேலிருந்து போனை எடுத்துவிட்டேன்.