நாவற்குழிப் பாலம் கடந்த பந்து

ஊரை விட்டு வந்து இருபத்தைந்து வருடங்கள் தாண்டிவிட்டன. இன்றைக்கும் பத்திரிகையின் விளையாட்டுப் பக்கத்தில் 'இளவாலை யங்ஹென்றிஸ்' என்ற எங்கள் ஊர் உதைபந்தாட்டக் கழகத்தின் பெயரைக் கண்டால் கண் அங்கேயே நின்றுவிடும். எத்தனை கோல், யார் அடித்தது என்று பார்த்த பிறகுதான் மற்ற வேலை.

எங்கள் கல்லூரி 1907இல் தொடங்கியது. புனித ஹென்றி ஒரு காலத்தில் ஜேர்மனியை ஆண்ட பேரரசர். அதனால்தான் ஹென்றியரசர் கல்லூரி என்கிறோம். கழகத்தின் பெயரில் அரசர் இல்லை, முன்னுக்கு 'யங்' வந்துவிட்டது. கல்லூரி அணியில் வயது முடிந்தால் வெளியே வந்துவிட வேண்டும். அதன் பிறகும் பந்தை விட மனமில்லாதவர்களுக்கு ஊரில் இருந்த இடம் கழகம்தான். ஓ.எல். பரீட்சையில் தவறியவர், கடலுக்குப் போகிறவர், மேசன் வேலை செய்கிறவர், பல்கலைக்கழகத்துக்குக் காத்திருப்பவர் எல்லோரும் பின்னேரம் ஐந்து மணிக்கு ஒரே வரிசையில் நின்று பந்து உதைத்தார்கள். வகுப்பறையில் பின்வாங்கில் இருந்த அண்ணாமார் அங்கே தலைவர்களாக இருந்தார்கள். பழைய மாணவர் என்றால் எனக்கு முதலில் நினைவு வருவது அவர்கள்தான்.

1990க்கு முன்னர் நான் சின்னப் பொடியன். கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்று பந்து எடுத்துக் கொடுப்பதுதான் என் வேலை. பந்து வடலிக்குள் போனால் முள் குத்தக் குத்த ஓடுவோம். இடைவேளையில் வீரர்களுக்குத் தோடம்பழத்தைப் பாதியாக வெட்டிக் கொடுப்பார்கள். மிஞ்சினால் எங்களுக்கும் ஒரு பாதி கிடைக்கும். நாவாந்துறை சென்மேரிஸ், பாசையூர் சென்அன்ரனிஸ், மயிலங்காடு ஞானமுருகன் என்று பெயர்களைக் கேட்டாலே வயிற்றைக் கலக்கும். வெளி மைதானத்தில் ஆட்டம் என்றால் சைக்கிளுக்கு மூன்று பேர். போகும்போது பாட்டு. தோற்று வந்தால் பண்டத்தரிப்புச் சந்தி வரைக்கும் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள்.

அப்புறம் நாட்டில் போர். மின்சாரம் இல்லை, பற்றரி இல்லை. 1994 உலகக் கிண்ணம் நடந்தபோது நாங்கள் இடம்பெயர்ந்து உறவினர் வீட்டில் இருந்தோம். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் மிதியைச் சுற்ற, டைனமோவில் வானொலி பாடும். பிரேசிலும் இத்தாலியும் கோல் இல்லாமல் முடித்து, தண்ட உதையில் பிரேசில் 3க்கு 2 என்று வென்ற செய்தியை அப்படித்தான் கேட்டோம். பாஜியோ மேலே அடித்துவிட்டார் என்றதும் சுற்றிக்கொண்டிருந்த அண்ணா கையை விட்டுவிட்டார். வானொலி நின்றுபோனது.

இதை எழுத ஒரு காரணம் உண்டு. பழைய அணிப் படங்கள் பல இடப்பெயர்வில் போய்விட்டன. யாருடைய பெட்டியிலாவது ஒன்றிரண்டு இருந்தால் அடுத்த மலருக்கு அனுப்புங்கள், பின்பக்கத்தில் பெயர்களையும் எழுதிவிடுங்கள். ஒரு பந்தை மட்டும் யாரும் படம் எடுத்திருக்க மாட்டார்கள். அதனால் அதை நான் எழுதி வைக்கிறேன்.

1995 ஒக்ரோபர் 30. போருக்குத் தப்பி, யாழ்ப்பாணத்தின் வலிகாமம் பகுதிச் சனம் முழுவதும் தென்மராட்சிப் பக்கம் நடந்தது. மழை. நாவற்குழிப் பாலத்தில் ஓர் அடி வைக்க எவ்வளவோ நேரம் பிடித்தது. அரிசி, சட்டி பானை, காணி உறுதி, குழந்தைகள் என்று அவரவர் தூக்கக் கூடியதைத் தூக்கினார்கள். கழகத்தில் பின்வரிசையில் ஆடிய அண்ணா ஒருவரின் உரப் பையில், உடுப்புகளுக்கு நடுவில், காற்று இறக்கி மடித்த பந்து ஒன்று இருந்தது. அவருடைய அம்மா ஏசினார். அவர் அதை எறியவில்லை.

மிருசுவிலில் ஒரு தென்னங்காணியில் இருந்தபோது பந்தை எடுத்தார். பம்ப் ஒரு வீட்டில் கிடைத்தது, ஊசி கிடைக்கவில்லை. மூன்று நாள் தேடினோம். கடைசியில் கொடிகாமத்தில் தங்கியிருந்த நாவாந்துறைப் பொடியன் ஒருவனிடம் இருந்தது. தன்னையும் விளையாட்டில் சேர்த்தால் தருவேன் என்றான். ஊசியோடு அவனையும் சைக்கிள் பாரில் ஏற்றி வந்தோம். அன்று பின்னேரம் அவன்தான் எங்கள் கோல் காப்பாளர்.