ரோல்ஓவர் வால்வுக்கு மிதவை தேர்ந்தெடுத்த அனுபவம்

20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு ஏற்ற ரோல்ஓவர் வால்வை வடிவமைத்தபோது, அதற்குள் மேலெழுந்து வால்வின் வாயை அடைக்கும் மிதவையின் பொருளைத் தேர்ந்தெடுப்பது என் பொறுப்பாக இருந்தது. டேங்கில் எழும் ஆவியை, அதை உறிஞ்சி வைக்கும் கரி நிரப்பிய பெட்டியான கார்பன் கேனிஸ்டருக்கு அனுப்பும் இந்த வால்வு, பெட்ரோல் அலைமோதி உயர்ந்தாலும் கார் கவிழ்ந்தாலும் உடனே மூடிக்கொள்ள வேண்டும்.

மிதவை என்றதும் லேசான பொருளைத் தேடத் தோன்றும். ஆனால் கார் தலைகீழாகக் கிடக்கும்போது, பெட்ரோலில் மூழ்கிய மிதவை தன் எடையாலும் ஸ்பிரிங்கின் தள்ளலாலும் வால்வின் வாயை அடைக்க வேண்டியிருப்பதால், மிதக்கும் விசை அங்கே நமக்கு எதிரியாகிவிடுகிறது. எனவே பெட்ரோலைவிட அடர்த்தியான பொருளையே எடுத்து, நேரான நிலையில் அதைத் தூக்கிவிட மெல்லிய ஸ்பிரிங்கைத் துணைக்கு வைத்தோம். இந்தியத் தர அளவின்படி பெட்ரோலின் அடர்த்தி கன மீட்டருக்கு 720 முதல் 775 கிலோ வரை இருக்கலாம். மிதவை எழுவதற்கான கணக்கை 720-இலும், கவிழ்ந்த நிலைக்கான கணக்கை 775-இலும் போட்டோம். சூடான டேங்கில் அடர்த்தி இன்னும் குறையும் என்பதால் முதல் கணக்கில் கூடுதல் இடைவெளியும் விட்டோம்.

பொருள்களில் எச்டிபிஇ என்ற அடர் பாலிஎத்திலீன் பிளாஸ்டிக் மலிவானது, எத்தனாலுக்கும் அஞ்சாதது. ஆனால் பெட்ரோலை உறிஞ்சி ஊதிப் பருத்துவிடுகிறது. நைலான் 66 பெட்ரோலை நன்றாகத் தாங்கினாலும் எத்தனாலையும் அதனுடன் சேர்ந்து வரும் நீரையும் உறிஞ்சுகிறது. உறைக்குள் சிறு இடைவெளியில் மேலும் கீழும் நகர வேண்டிய மிதவைக்கு விட்டம் கூடுவதுதான் பெரிய ஆபத்து என்பது என் உறுதியான கருத்து. எடை மாறினால் மூடும் மட்டம் சற்று விலகும், விட்டம் கூடினால் மிதவை சிக்கியே நின்றுவிடும்.

ஆகவே ஒவ்வொரு பொருளையும் 60 டிகிரி செல்சியஸில் எரிபொருளில் ஊறவைத்து, எடை நிலைபெறும் வரை அளந்துகொண்டே இருந்தோம். வெளியே எடுத்ததும் பெட்ரோல் ஆவியாகத் தொடங்கிவிடுவதால், துடைத்த கையோடு எடையையும் விட்டத்தையும் குறிப்பது முக்கியம்.

மிகக் குறைவாக ஊதியது அசிட்டால் என்ற கடினமான பிளாஸ்டிக். அதன் அடர்த்தி கன மீட்டருக்கு 1,410 கிலோ என்பதால், கீழ்ப்பக்கம் திறந்த கிண்ண வடிவில் வார்த்தோம்: நேராக இருக்கும்போது உள்ளே சிறைப்படும் காற்று மிதவையைத் தூக்கும், கவிழ்ந்தால் காற்று வெளியேறி, பெட்ரோல் நிரம்பி, மிதவை கனமாகிவிடும். முழுவதும் மூடிய வெற்று மிதவையில் பற்றவைத்த இணைப்புத் தையல் கசிந்தால் அது நிரந்தரமாகக் கனத்துவிடும். இதில் அத்தகைய தையலே கிடையாது.