மலையோட்டத்தில் கெடு எதற்கு?

இங்கிலாந்தின் லேக் டிஸ்ட்ரிக்ட் பக்கம் மலையோடுகிறவர்கள் சந்தித்துக்கொண்டால் "பாப் கிரகாம் முடிச்சாச்சா?" என்று கேட்பது வழக்கம். 24 மணி நேரத்துக்குள் முடித்தாயா என்பதும் அந்தக் கேள்வியிலேயே அடங்கிவிடும். பாப் கிரகாம் என்பது ஒரு மலையோட்டச் சுற்று. கெஸ்விக் ஊர் நடுவில் இருக்கும் மூட் ஹால் வாசலில் புறப்பட்டு, 42 சிகரங்களை ஏறி இறங்கி, அதே வாசலுக்கு வந்து சேர வேண்டும். தூரம் ஏறத்தாழ 66 மைல். ஏற்றங்களை மட்டும் கூட்டினால் சுமார் 27,000 அடி. எவரெஸ்டின் உயரத்தைவிட ஒரு 2,000 அடி குறைவு, அவ்வளவுதான். இதை 23 மணி 59 நிமிடத்தில் முடித்தவர் பாப் கிரகாம் கிளப்பில் உறுப்பினர் ஆகலாம். 24 மணி 1 நிமிடத்தில் முடித்தவருக்கு அந்த இடம் கிடையாது.

நான் கெண்டலில் பிசியோதெரபிஸ்டாக வேலை பார்க்கிறேன். முழுச் சுற்றையும் ஓடியதில்லை. கோடை வந்தால் மற்றவர்களுக்குத் துணையாக, சுற்றின் ஐந்து கட்டங்களில் ஏதாவது ஒரு கட்டம் ஓடுவேன், இல்லையென்றால் சாலையோரத்தில் அடுப்பும் சூப்பும் வைத்துக்கொண்டு காத்திருப்பேன். அப்படிப் பக்கத்திலிருந்து பார்த்துப் பார்த்து மனதில் ஊறிப்போன விஷயத்தைத்தான் எழுதுகிறேன். இந்த 24 மணிக் கெடுவை வெற்றிக்கு அளவுகோலாக வைப்பது தவறு என்று நினைக்கிறேன்.

கெடு எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் விஷயம் பாதி புரிந்துவிடும். பாப் கிரகாம் கெஸ்விக்கில் விருந்தினர் விடுதி நடத்தியவர். 1932 ஜூனில் டென்னிஸ் ஷூ போட்டுக்கொண்டு, ரொட்டியும் வெண்ணெயும் அவித்த முட்டையும் பழமும் மிட்டாயும் சாப்பிட்டுக்கொண்டு 23 மணி 39 நிமிடத்தில் 42 சிகரங்களைச் சுற்றி வந்தார். அன்று அவர் முன்னால் இருந்த கேள்வியே வேறு. ஒரு நாள் பொழுதுக்குள் எத்தனை சிகரம் தொட்டுவிட்டுத் திரும்ப முடியும்? 1905-இல் ஆர்தர் வேக்ஃபீல்ட் என்ற மருத்துவரும், அவருக்குப் பின் வந்தவர்களும் விடை தேடியது இதற்குத்தான். மணி நேரம் முன்பே தீர்மானமானது, சிகரங்களின் எண்ணிக்கை ஆளுக்கு ஆள் மாறும். கிரகாமின் விடை 42. அதை 28 வருடம் யாராலும் எட்ட முடியவில்லை. 1960-இல்தான் ஆலன் ஹீட்டன் அதே சுற்றை மறுபடி ஓடினார். பிறகு எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. வாஸ்டேல் பள்ளத்தாக்கில் ஆடு மேய்த்த ஜாஸ் நெய்லர் 1975-இல் 72 சிகரங்கள் தொட்டார். 2020-இல் கிம் காலிசன் 78.

அந்தப் பழைய ஆட்டத்தில் யாரும் தோற்கவில்லை. 30 தொட்டவருக்கு 30, 42 தொட்டவருக்கு 42. 1971-இல் கிளப் உருவானபோது 42 என்ற எண்ணும் நிலையாகிவிட்டது. மணியும் நிலை, சிகரமும் நிலை என்று ஆனதும் அந்த 24 மணி நேரம் ஒரு கதவாகிவிட்டது. ஒரே வேலையைச் செய்தவர்களில் சிலர் கதவுக்கு உள்ளே, சிலர் வெளியே. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்ததல்ல, நடந்துபோனது. ஆனால் அதன் விளைவை நான் கண்ணெதிரே பார்த்திருக்கிறேன்.

என் தோழி ஒருத்தியின் ஓட்டத்தில் கடைசிக் கட்டத்துக்கு நான் துணை. ஹானிஸ்டர் கணவாயிலிருந்து டேல் ஹெட், ஹிண்ட்ஸ்கார்த், ராபின்சன் என்று மூன்றே சிகரங்கள். ஒவ்வொரு சிகரத்திலும் கூட வருகிறவர் நேரத்தைக் குறிக்க வேண்டும், அதுதான் கிளப்புக்குச் சாட்சி. பிளாஸ்டிக் உறை போட்ட கால அட்டவணையும் பென்சிலும் என் கையில். ராபின்சன் உச்சிக் கற்குவியலில் கை வைத்தபோதே தெரிந்துவிட்டது, கீழே இறங்கி நியூலாண்ட்ஸ் சாலை வழியாகக் கெஸ்விக் போய்ச் சேர்வதற்குள் 24 மணி தாண்டிவிடும். கூட வந்த இன்னொருவர் பேச்சை நிறுத்திவிட்டார். அவள் என் முகத்தைப் பார்த்து, "போச்சா?" என்று கேட்டாள். "போச்சு" என்றேன். ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு இறங்க ஆரம்பித்தாள்.

ராபின்சனிலிருந்து இறங்கும்போது கையையும் ஊன்றி இறங்க வேண்டிய பாறைத் திட்டுகள் உண்டு. இறக்கத்தில் தொடையின் முன்தசைதான் பிரேக். 40 சிகரத்துக்கு மேல் இறங்கிய தொடையில் அந்த பிரேக் அநேகமாகத் தீர்ந்திருக்கும். அவள் ஒவ்வொரு பாறையிலும் பக்கவாட்டில் திரும்பி, ஒரு காலை நீட்டி, உட்கார்ந்தே இறங்கினாள். லிட்டில் டவுனில் ஷூ மாற்றியபோது விரலால் முடிச்சை அவிழ்க்க முடியவில்லை, நான் அவிழ்த்துவிட்டேன். அங்கிருந்து சாலையில் ஓடினாள். நடக்கவில்லை, ஓடினாள். எந்தக் கிளப்பும் எந்தப் பட்டியலும் இனி கிடைக்காது என்று தெரிந்த பிறகும். மூட் ஹாலின் பச்சைக் கதவில் கை வைத்தபோது 24 மணி 37 நிமிடம். அங்கே நின்றிருந்த ஒருவர் அவள் தோளைத் தட்டி, "அடடா, கொஞ்சத்தில் விட்டுவிட்டீர்களே" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கு வயிறு எரிந்தது. எதை விட்டாள்? 42-இல் ஒரு சிகரத்தையாவது விட்டாளா?

இன்றும் யாராவது கேட்டால் "பாப் கிரகாம் முயற்சி பண்ணினேன்" என்றுதான் சொல்கிறாள். முடித்தேன் என்று அவள் வாயில் வர மறுக்கிறது.

இதைவிட என்னை உறுத்துவது வாஸ்டேல். மூன்றாம் கட்டம் ஸ்கேஃபெல் பைக், ஸ்கேஃபெல் இரண்டையும் முடித்து, சரளைச் சரிவில் இறங்கி வாஸ்டேல் ஹெட் கார் நிறுத்துமிடத்துக்கு வந்து முடியும். நாற்காலி, போர்வை, சூடான சாப்பாடு எல்லாம் தயாராக இருக்கும். எதிரே யூபாரோ மலை சுவர் மாதிரி நிற்கும். பாதிக்கு மேல் முடிந்துவிட்டது, ஆனால் அட்டவணையில் ஒரு மணி நேரம் பின்தங்கியாயிற்று. அங்கேதான் நிறைய பேர் நிறுத்துகிறார்கள். காலோ வயிறோ கெட்டு நிறுத்துகிறவர்கள் உண்டு. அது நியாயம், நானே நிறுத்தச் சொல்லியிருக்கிறேன். ஆனால் கால் நன்றாக இருந்தும், வானிலை நன்றாக இருந்தும், கணக்கு சரிவரவில்லை என்பதற்காகக் காரில் ஏறி உட்கார்ந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். 26 மணி நேரத்தில் முடித்திருப்பார்கள். அப்படி முடிப்பதற்குப் பெயரே இல்லாததால் தொடர அவர்களுக்குக் காரணமும் இல்லை. ஒரு மனிதரின் வாழ்க்கையிலேயே பெரிய நாளாக அமைந்திருக்க வேண்டியதை ஒரு அட்டை பாதியில் முடித்துவைக்கிறது.

சரி, கெடுவே இல்லையென்றால் ஒரு வாரம் விடுதியில் தங்கித் தங்கி முடித்தாலும் வெற்றியா என்று கேட்பார்கள். இல்லை, அது வேறு விஷயம். நடுவில் வீட்டுக்குப் போகாமல், படுத்துத் தூங்கி எழாமல், ஒரே மூச்சில் சுற்றி வர வேண்டும். இரவைக் கடந்து ஓட வேண்டும். என்னைப் பொறுத்தவரை அதுதான் வரையறை. அது தளர்ந்த வரையறையும் இல்லை. 27,000 அடி ஏறுகிற எவரையும் அது சும்மா விடாது.

இது நடக்காத காரியமும் இல்லை. வேல்ஸில் எரிரி (ஸ்னோடோனியா) மலைகளில் பேடி பக்லி சுற்று இருக்கிறது. 47 சிகரங்கள். அதற்கு அதிகாரப்பூர்வக் கெடு கிடையாது. பலரும் 24 மணியை மனதில் வைத்துத்தான் ஓடுகிறார்கள், ஆனால் தாண்டினால் யாரும் பெயரை அழிப்பதில்லை. 1982-இல் அதை முதன்முதலில் முடித்த வெண்டி டாட்ஸ் எடுத்துக்கொண்ட நேரம் 25 மணி 38 நிமிடம். பாப் கிரகாம் கணக்குப்படி பார்த்தால் அது தோல்வி! ஒரு பெண் முதல் ஆளாக ஒரு சுற்றையே திறந்துவைத்திருக்கிறார், அதைத் தோல்வி என்று சொல்ல யாருக்கு நாக்கு வரும்?

ஸ்காட்லாந்தில் சார்லி ராம்சே என்ற மலையோட்டக்காரர், இன்று அவர் பெயரால் வழங்கும் சுற்றை 1978-இல் முடித்தது 23 மணி 58 நிமிடத்தில். கெடுவுக்கு இரண்டே நிமிடம் முன்னால். வழியில் ஒரு முறை கூடுதலாக ஷூ கயிறு அவிழ்ந்திருந்தால் அவர் ஓடிய மலைகள் சிறுத்துப் போயிருக்குமா?

ஜாஸ் நெய்லர் விட்டுப்போன சவால் எனக்கு இன்னும் பிடிக்கும். 50 வயது தாண்டியவர்களுக்கானது. பூலி பிரிட்ஜிலிருந்து கிரீண்டேல் பிரிட்ஜ் வரை 48 மைல், 30 சிகரங்கள். கெடு உண்டு, ஆனால் வயதுக்கு ஏற்ற கெடு: 50 முதல் 54 வயது வரை 12 மணி நேரம், அடுத்த ஐந்து வருடத்துக்கு 14, அப்புறம் 18, 65-க்கு மேல் 24. உடம்பு மாறுகிறது என்று தெரிந்த ஒரு மேய்ப்பர் யோசித்தது. அவரே 70 வயதில் 70 சிகரங்கள் ஓடியவர். சலுகை கேட்கிற ஆள் இல்லை. நெய்லர் 2024-இல் காலமானார். இந்தச் சவாலைத்தான் நான் என் சொந்த ஓட்டமாக மனதில் வைத்திருக்கிறேன்.

பாப் கிரகாம் கிளப் தன் விதியை மாற்ற வேண்டும் என்று நான் கேட்கவில்லை. தன் உறுப்பினர் யார் என்று தீர்மானிக்கக் கிளப்புக்கு உரிமை உண்டு. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அந்தக் கதவு வழியாக உள்ளே போயிருக்கிறார்கள், அவர்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும். மாற வேண்டியது சுற்றி நிற்கிற நம் பேச்சு. உறுப்பினர் ஆவது ஒன்று, சுற்றை முடிப்பது இன்னொன்று. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவதை விட்டால் போதும்.

வரும் ஜூனில் இன்னொருவருக்கு வாஸ்டேலில் சாப்பாட்டுப் பொறுப்பு என்னுடையது. 23 மணி நேர அட்டவணையை அனுப்பியிருந்தார். பக்கத்திலேயே 25 மணிக்கும் 27 மணிக்கும் இரண்டு பத்திகள் சேர்த்து, ஒவ்வொரு சிகரத்துக்கும் நேரம் போட்டுத் திருப்பி அனுப்பினேன். மூன்றையும் ஒரே அட்டையில் அச்சடிப்பதாகப் பதில் வந்திருக்கிறது. மூட் ஹாலில் காத்திருக்கப்போகிறவர்களிடமும் சொல்லிவிட்டேன், எத்தனை மணிக்கு வந்தாலும் முதல் வார்த்தை வாழ்த்தாக இருக்க வேண்டும், யாரும் கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது என்று.