பலா பழுக்கும் நாட்கள்

ஜூன் 4
காம்பை ஒட்டிய இலை மஞ்சளாகிவிட்டது. முள் அகன்று, முனை மழுங்கியிருக்கிறது. தட்டினால் இன்னும் கெட்டிச் சத்தம்தான். முற்றாமல் இறக்கிய காய் மெத்தென்று ஆகுமே தவிர, இனிப்பு சரியாக ஏறாது. இடப்பக்கம் உள்ளங்கை அளவுக்கு ஒரு அமுக்கு. அடிபட்டதாக இருக்கக் கூடாது.

ஜூன் 5
இறக்கியாச்சு. 11 கிலோ. பால் வடிய, காம்பு கீழே பார்க்கும்படி சாய்த்து வைத்திருக்கிறது. அடியில் பழைய தாள்.

ஜூன் 6
மணம் இல்லை.

ஜூன் 7
மணம் இல்லை. முழுப்பழத்துக்கு ஃப்ரிட்ஜ் ஆகவே ஆகாது. 12 டிகிரிக்குக் கீழே போனால் தோல் கறுக்கும், சுளை பழுப்பேறும், பழுப்பதும் கெட்டுப்போகும். 25 டிகிரி வெப்பமும் காற்றோட்டமும் போதும். இறுக மூடினால் வியர்த்து, காம்பு வெட்டிய இடத்தில் பூஞ்சை பிடிக்கும். பக்கத்தில் இரண்டு பழுத்த வாழைப்பழம் வைத்தது நல்லது. அதிலிருந்து வரும் எத்திலீன் வாயு பலாவையும் பழுக்கத் தூண்டும்.

அந்த அமுக்கு அப்படியே இருக்கிறது. கறுப்பும் இல்லை, ஈரமும் இல்லை. அடிபட்டிருந்தால் இதற்குள் கசிந்திருக்கும்.

கெட்டிச் சுளை வருக்கையா, குழைந்த சுளை கூழனா?

ஜூன் 9
மணம்! இரவில்தான் வந்தது, முதலில் காம்புப் பக்கம். தட்டினால் தொப் தொப். விரலுக்குக் கொஞ்சம் இணங்குகிறது, உள்ளே போகவில்லை. கூழன் என்றால் கையாலேயே பிளக்க வரும். இது வருக்கை.

ஜூன் 10
கத்தி, பலகை, இரண்டு கை, எல்லாவற்றுக்கும் எண்ணெய், அதுவும் வெட்டுவதற்கு முன்பே. பால் ரப்பர் மாதிரி. தண்ணீர் பட்டால் இன்னும் பிடித்துக்கொள்ளும், எண்ணெய்க்குத்தான் விடும். நீளவாக்கில் நாலாகப் பிளந்து, ஊறிய பாலைக் கசக்கிய தாளால் ஒற்றி எடுக்க வேண்டும். பிறகு நடுத்தண்டைச் சீவிவிட வேண்டும். பால் அதிகம் இருப்பது அங்கேதான். தண்டு போனதும் தோலைப் பின்பக்கமாக வளைத்தால் சுளைகள் தாமாக விரிந்து நிற்கும்.

அமுக்குக்கு விடை கிடைத்தது. அந்த இடத்தில் சுளையே இல்லை, முழுக்கச் சடை, அதாவது சுளையாகாத நார். பலா ஒரே பழம் அல்ல, நூற்றுக்கணக்கான பூக்கள் சேர்ந்த கொத்து. வெளியே உள்ள ஒவ்வொரு முள்ளும் ஒரு பூவின் முனை. மகரந்தம் சேர்ந்த பூ சதைபிடித்துச் சுளையாகும்; சேராதது தட்டையான நாராக நின்றுவிடும். சேராத பூக்கள் ஒரே பக்கம் குவிந்தால் பழம் அங்கே உப்பாமல் அமுங்கியே வளரும். பழத்தில் பழுது ஒன்றும் இல்லை! மற்ற பக்கமெல்லாம் சுளை நெருக்கியடித்துக்கொண்டு இருந்தது.

சுளையின் அடியில் வெளுத்த நுனியைக் கிள்ளி எறிந்துவிட்டு நகத்தால் நீளவாக்கில் கீறினால், வழவழத்த மெல்லிய உறைக்குள் கொட்டை. அந்த உறையையும் உருவிவிட்டால்தான் வாயில் சுத்தமான மொறுமொறுப்பு. தேனும் வாழையும் அன்னாசியும் கலந்த மணம். இதற்கு ஐந்து நாள் அதிகமே இல்லை.

ஜூன் 11
மிச்சச் சுளை காற்றுப் புகாத டப்பாவில், ஃப்ரிட்ஜில். உரித்த சுளைக்கு அது சரி. கொட்டையைக் கழுவி, உப்புப் போட்டு 25 நிமிடம் வேகவைத்தால் மாவு மாதிரி உடைகிறது. பச்சையாகத் தின்னக் கூடாது. புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருள் அதில் உண்டு, வெந்தால்தான் அடங்கும்.

ஜூன் 12
ஊன்ற வைத்த கொட்டையைக் காயவிடக் கூடாது, உயிர் போய்விடும். 6 கொட்டை, 2 செ.மீ. ஆழம், படுக்கைவாக்கில்.

ஜூன் 13
முளை இல்லை. எப்படியும் சில வாரம் ஆகும்.

ஜூன் 14
மேல்மண் காய்ந்திருந்தது. தண்ணீர் தெளித்தாச்சு.