பைத்தான் தெரியும், சரி. கண்மாய் தெரியுமா?

"ஐடில இருக்கேன்ணா, பைத்தான் கோடிங் நல்லாத் தெரியும், காட்டுக்காக ஏதாச்சும் பண்ணணும், எந்த கோர்ஸ் சேரட்டும்?"னு இப்பல்லாம் நிறைய பேரு கேக்குறாங்க. கோர்ஸ் கெடக்கட்டும், உங்க ஊருல ஒரு நீர்நிலையப் புடிச்சு நேர்ல போய்ப் பாருங்க மொதல்லன்னுதான் நான் சொல்றது.

டேட்டாவுக்குப் பஞ்சமே இல்லைங்க. லேண்ட்சாட் சாட்டிலைட் படமெல்லாம் 2008ல இருந்தே ஃப்ரீ, சென்டினல்-2 சாட்டிலைட் அஞ்சு நாளைக்கு ஒருக்கா 10 மீட்டர் அளவுல படம் தருது, இந்தப் படங்கள ஆன்லைன்லயே அலசித் தர்ற கூகுள் எர்த் எஞ்சின்ல அக்கவுன்ட் இருந்தா பெரிய லேப்டாப் கூட வேணாம். செடி எவ்ளோ பச்சையா இருக்குன்னு காட்டுற என்டிவிஐ கணக்கப் போட்டு "பசுமை கூடிருச்சு"ன்னு ஒரு மேப் அரை நாள்ல வந்துரும். ஆனா ராமநாதபுரம் கண்மாய்ல அந்தப் பசுமை பூரா சீமைக்கருவேலமா இருக்கும்! சென்னை பள்ளிக்கரணை சதுப்புநிலத்துல ஆகாயத்தாமரை மூடிக் கெடந்தா அடில நிக்கிற தண்ணி அந்தப் படத்துல தெரியவே தெரியாது, பச்சப்பசேல்னு செடின்னுதான் காட்டும். கரையில போய் நின்னு பாத்தவன்தான் இத ஒரே நிமிஷத்துல புடிப்பான்.

பாத்த பறவைய ஜனங்களே பதியுற இபேர்ட் தளத்தோட டேட்டாவும் அப்படித்தான், ஞாயித்துக்கெழம பறவ அதிகம்னு கிராஃப் வந்தா அன்னிக்கு கொக்கு நாரையெல்லாம் லீவுக்கு வந்துச்சுன்னு அர்த்தமில்ல, நம்ம ஆளுங்க அன்னிக்குத்தான் பைனாகுலர எடுத்துட்டுக் கெளம்புறாங்க. காட்டுல ஏதாச்சும் அசைஞ்சா தானா படம் புடிக்கிற கேமரா ட்ராப்ல காத்துக்கு ஆடுன புல்லுதான் பாதிப் படம், அத மெகாடிடெக்டர் மாதிரி ஏஐ மாடல் ஒதுக்கிக் குடுத்துரும், ஆனா கேமராவ எந்தத் தடத்துல கட்டுறதுன்னு அந்தக் காட்டுலயே கெடக்குற வாட்ச்சர் அண்ணனத்தான் கேக்கணும்.

இந்த வேலை எங்க போய் முடியும்னு பாக்கணும்னா கோயம்புத்தூர் பக்கத்துல இருக்குற மதுக்கரையப் பாருங்க. 2021 நவம்பர்ல நவக்கரை பக்கம் ரயில் அடிச்சு மூணு யானை செத்துச்சு. 2024ல அந்தத் தடத்துல டவர் வச்சு, தெர்மல் கேமரா மாட்டி, ஏஐ வச்சு யானையக் கண்டுபுடிக்கிற சிஸ்டம் வந்துச்சு. அதுல யானைய அடையாளம் கண்டுபுடிக்கிறது ஒரு பங்கு வேலதான், அந்தத் தகவல் ரயில் வர்றதுக்குள்ள லோகோ பைலட் காதுக்குப் போகணும், இல்லாட்டி உங்க அக்யூரசி எவ்ளோ இருந்து என்ன?

சம்பளம்... ஐடி கணக்குல எதிர்பாக்காதீங்க, ஆரம்பத்துல பெரும்பாலும் ப்ராஜெக்ட் காண்ட்ராக்ட்தான், ப்ராஜெக்ட் முடிஞ்சா அடுத்ததத் தேடணும். அதனால நைட்டோட நைட்டா வேலைய விட்டுறாம வீக்கெண்ட்ல தொடங்குங்க. ஜனவரில பொங்கல் லீவுல தமிழ்நாடு பூரா பறவைகள் கணக்கெடுப்பு நடக்கும், 2015ல இருந்து நடக்குது, காசெல்லாம் கட்ட வேணாம், உங்க ஊரு ஏரிக்கரையில கால்மணி நேரம் நின்னு பாத்த பறவைய எண்ணி இபேர்ட்ல ஏத்துனாப் போதும்.