பன்னிரண்டரை ஃபிரேம்

பள்ளி நினைவு மலர்க் குழுவிலிருந்து போன் வந்தபோது ஷார்ஜாவில் ஒரு விளம்பரப் படத்தில் மூன்று வினாடியைக் குறைக்க வழி தேடிக்கொண்டிருந்தேன். "தமிழ் சார் போயிட்டாரு, தெரியும்லா? நீதான் எழுதணும். ஐந்நூறு வார்த்தைக்கு மேல போகாத, நீ இழுப்பே" என்றான். பி டிவிஷன்காரன், வேறெப்படிப் பேசுவான்!

சாக்பீஸ் குறி, மூன்றாவது பீரியட், மும்பை சயான் ஸ்டேஷனிலிருந்து குடையைச் சுழற்றிக்கொண்டு வரும் நடை, இதையெல்லாம் மற்றவர்கள் எழுதுவீர்கள். எனக்கு அந்த வீடியோ மட்டும் போதும்.

2004 டிசம்பர். ஆண்டுவிழாவுக்காக சார் எழுதிய பாட்டைப் படமாக எடுத்தோம். 90 அடி ரோட்டில் கல்யாண வீடியோ எடுக்கும் அண்ணாச்சி மினி டிவி (MiniDV) டேப் கேமராவை இரவல் தந்தார். இரண்டு ராத்திரி அவர் கம்ப்யூட்டரில் எடிட் பண்ணிக்கொள்ளவும் விட்டார். ஒரு மணி நேர டேப்பை உள்ளே ஏற்ற ஒரு மணி நேரம் ஆகும். ஹார்ட் டிஸ்கில் 13 ஜிபியைத் தின்றுவிடும். முதல் ராத்திரி டேப் ஓடுவதைப் பார்த்தே பாதி போயிற்று.

சயான் கோட்டையிலும் ஃபைவ் கார்டன்ஸிலும் டேப்ரிகார்டரில் பாட்டைப் போட்டு வாயசைக்க வைத்திருந்தோம். பேட்டரி இறங்கியதை ஒருவனும் கவனிக்கவில்லை. கேசட் இழுத்து இழுத்து ஓட, பிள்ளைகளும் அதற்குத் தக்கபடி வாயை இழுத்திருந்தார்கள். ஒரிஜினல் பாட்டோடு சேர்த்து வைத்தால், இரண்டாவது சரணத்தில் அத்தனை பேரும் ரயிலைத் தவறவிட்டவர்கள் மாதிரி பாட்டுக்குப் பின்னால் ஓடி வந்தார்கள்.

எனக்கு அது பெரிய கவலையாகப் படவில்லை. தாளத்துக்குத் தாளம் வெட்டுவதுதான் எடிட்டிங் என்று நினைத்த வயசு. கீபோர்டில் வைத்த ரிதம் நிமிஷத்துக்கு 120 தட்டு. தட்டுக்கு அரை வினாடி. வீடியோ வினாடிக்கு 25 ஃபிரேம், அதாவது 25 தனிப் படம், ஆக தட்டுக்குப் பன்னிரண்டரை. அரை ஃபிரேம் என்று ஒன்று கிடையாது. ஒரு தடவை 12, மறு தடவை 13 என்று மாற்றி மாற்றி வெட்டினால் உட்கார்ந்துவிடும். இதை நானே கண்டுபிடித்தபோது வந்த திமிர் இன்னும் முழுசாக இறங்கவில்லை. நடுநடுவே அண்ணாச்சியின் கல்யாணச் சரக்கு வேறு: ரோஜா இதழ் உதிர்ந்தால் அடுத்த ஷாட், இதயம் விரிந்தால் ஹெட்மாஸ்டர்.

மௌசி, அதாவது நம் பள்ளி ஆயா, மணி அடிக்கும் ஷாட் ஒன்று இருந்தது. சாரே பக்கத்தில் நின்று எடுக்கச் சொன்னது. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வருகிறார். கேமராவைப் பார்த்து லேசாகச் சிரித்துவிடுகிறார். உடனே முகத்தைக் கறாராக்கிக்கொண்டு அடிக்கிறார். 8 வினாடி. என் தாளத்துக்குள் அது அடங்கவில்லை, தூக்கிவிட்டேன். சத்தம் மட்டும் அருமையாக விழுந்திருந்தது. அதைப் பாட்டுக்கு முன்னால், கறுப்புத் திரையில் வைத்தேன்.

விழாவுக்கு முந்தின நாள் லேபில் போட்டுக் காட்டியது உங்களுக்கு நினைவிருக்கும். கைதட்டல் ஓய்ந்ததும் சார் சொன்னார்: "எலே, நம்ம ஊர்ல கட்டிங்னா அரை கிளாஸ் டீ. நீ அந்த அரையையும் கொட்டிட்டு வெறுங்கிளாஸ நீட்டுறியே." எல்லோரும் சிரித்தீர்கள். அது அடங்கும்வரை காத்திருந்து, குரலை உயர்த்தாமல், "அடிச்ச மனுஷிய வெட்டிட்டு மணிய மட்டும் வச்சுக்கிட்டியோ?" என்றார். அதற்கு யாரும் சிரிக்கவில்லை.

சரிசெய்ய ஒரு ராத்திரி இருந்தது. அண்ணாச்சியைக் கெஞ்சியிருந்தால் கதவைத் திறந்துவிட்டிருப்பார். நான் ரோஷத்தில் வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டேன்.

மறுநாள் மௌசி மூன்றாவது வரிசையில், புதுச் சேலையில். கறுப்புத் திரையில் மணி கேட்டதும் பக்கத்துப் பெண்ணின் கையைத் தொட்டார். பாட்டு முடிகிறவரை திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

வாயசைப்பு ஒட்டாத இடத்தில் அந்த 8 வினாடியைப் போட்டிருந்தால் இரண்டாவது சரணமே பிழைத்திருக்கும். இது எனக்கு உறைக்கப் பத்து வருஷமும் ஒரு விசாவும் ஆயிற்று. அதற்குள் டேப்புகள் போய்விட்டன. 2005 ஜூலை 26, சாந்தாக்ரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் கொட்டிய அன்று, கீழ்த்தள அலமாரியோடு சேறாகிவிட்டன.

சாரைக் கடைசியாக மாட்டுங்கா மார்க்கெட்டில் பார்த்தேன். "இன்னும் வெட்டிக்கிட்டுதான் இருக்கியா?" என்றார். தலையாட்டினேன். "ஊருக்கு எப்ப வர்றே?" அடுத்த வருஷம் என்றேன். அப்போது ஊரில்தான் நின்றுகொண்டிருந்தேன். அவர் கேட்டது வேறு.

என்னிடம் மிச்சம் அந்தப் படத்தின் வீசிடி ஒன்றுதான். கடைசியில் ஓடும் பட்டியலில் என் பேர் இரண்டு தடவை வரும். மௌசி பேர் இல்லை. சார் அவரைப் பேர் சொல்லி, பின்னால் 'பாயி' சேர்த்துத்தான் கூப்பிடுவார். ஐந்து வருஷம் தினம் கேட்டிருக்கிறேன், ஞாபகம் வரவில்லை. உங்களில் யாருக்காவது தெரிந்தால் மலர்க் குழுவுக்கு எழுதிப் போடுங்கள்.