டீசல் வண்டியா இருந்தப்ப நான் நிம்மதியா இருந்தேன்

எங்க அப்பத்தாவும் அயித்தையும் பின்சீட்ல உக்காந்து என்னைப் பத்தி 14 வருஷமா என்ன பேசிக்கிட்டு வந்தாகன்னு போன ஞாயித்துக்கிழமைதான் எனக்குத் தெரிஞ்சது. அது வரைக்கும் தெரியாம என்னைக் காப்பாத்துனது என்னோட பழைய டீசல் வண்டி. அதை ஸ்டார்ட் பண்ணுனா தெருமுக்கு டீக்கடைல கிளாஸ் ஆடும், மூணாவது கியர்ல போறப்ப டேஷ்போர்டு ஒரு தாளம், டிக்கிக் கதவு ஒரு தாளம். பின்னாடி இருந்து யாராச்சும் ஏதாச்சும் சொன்னா "ஆங்?"னு கேப்பேன், அவுகளும் "ஒண்ணுமில்லப்பா"ன்னுடுவாக, நானும் ஒண்ணுமில்லைன்னே நம்பிட்டு வந்தேன்.

அந்த வண்டியக் குடுத்துட்டு எலக்ட்ரிக் எஸ்யூவி வாங்கி ரெண்டு மாசம் ஆச்சு. எது என்னன்னு பேர் வேணாம், வாங்குனவன் குறை சொன்னா வாங்காதவன் சிரிப்பான். விலையும் வேணாம், அது பின்னாடி வரும்.

காரைக்குடில எலக்ட்ரிக் கார் வாங்குறதுல ஒரு தனிச் சிக்கல் இருக்கு. இங்க சிக்ரி இருக்கு. 1948ல நேரு வந்து அடிக்கல் நாட்டி, அழகப்பர் நிலமும் பணமும் குடுத்து, 1953ல தொறந்த மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம். அதனால பேட்டரின்னா எங்க ஊர்ல ஆளாளுக்கு டாக்டர் பட்டம் வாங்குன மாதிரிதான் பேசுவாக. எங்க மாமா ஒருத்தர் அங்க முப்பது வருஷம் வேலை பாத்து ரிட்டயர் ஆனவர். வண்டி எடுக்குறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேப்போம்னு போய் "பேட்டரி எப்படி மாமா, தாங்குமா?"ன்னேன். ரொம்ப நேரம் யோசிச்சுட்டு "நான் பேட்டரி இல்லப்பா, துரு டிபார்ட்மெண்டு"ன்னாரு. வண்டி வந்த அன்னிக்கு எலுமிச்சம்பழம் வைக்குறதுக்கு முன்னாடியே டார்ச்சோட வண்டிக்கு அடில படுத்துட்டாரு. வெளிய வந்து "இப்ப ஒண்ணும் இல்ல"ன்னாரு. அந்த "இப்ப" இன்னும் மனசுல இருக்கு.

முத வாரம் ஒரே பெருமை. அதுக்கப்புறம்தான் சத்தங்கள் ஒவ்வொண்ணா வெளிய வர ஆரம்பிச்சது. எஞ்சின் சத்தம்னு ஒண்ணு இருந்தப்ப அது கிளாஸ் வாத்தியார் மாதிரி எல்லாத்தையும் அமுக்கி வச்சிருந்திருக்கு, அது போனதும் இத்தனை நாளா வாயத் தொறக்காம இருந்ததெல்லாம் பேசுது. ஏசி காத்து பேசுது, வைப்பர் பேசுது, கண்ணாடிக் கூட்டுக்குள்ள கெடக்குற பத்து ரூபா காயின் பேசுது. எண்பதைத் தாண்டுனா சைட் மிரர்ல காத்து கிழியுறது ஒரு தினுசா, டயர் சத்தம் வேற ஒரு தினுசா. ஜல்லி பெருசு பெருசாத் தெரியுற ரோட்டுல ஹோன்னு மழை இரைச்சல் மாதிரி வரும், புதுசா தார் போட்ட இடம் வந்ததும் யாரோ சுவிட்ச் ஆஃப் பண்ணுன மாதிரி டக்குன்னு அடங்கும். டீசல் வண்டில இந்த ரெண்டு ரோட்டுக்கும் வித்தியாசமே தெரிஞ்சதில்லை எனக்கு.

இதுல ஒரு "டிக்... டிக்"கு வேற. வலது பக்கம் பின்னாடி எங்கயோ. சர்வீஸுக்கு விட்டேன், ரெண்டு மணி நேரம் வச்சிருந்துட்டு "எலக்ட்ரிக் வண்டின்னா அப்படித்தான் சார், சின்னதும் கேக்கும்"னு கழுவிக் குடுத்துட்டாங்க. நான் டிரிம்மைத் தட்டிப் பாத்தேன், சீட்டை மடக்கிப் பாத்தேன், மகனை டிக்கில உக்கார வச்சு மெதுவா ஓட்டிக்கூடப் பாத்தேன் (வீட்ல தெரியாது, இப்ப தெரிஞ்சிரும்). கடைசில கண்டுபிடிச்சது 84 வயசு அப்பத்தா. அதுவும் கேட்டு இல்ல, அவுகளுக்குக் காது மந்தம். குன்றக்குடிக்குப் போறப்ப பின்சீட்ல வலது ஓரமா உக்காந்திருந்தவுக, பெல்ட் போடச் சொன்னா "வயித்தை அமுக்குது"ன்னு போடல, அப்ப அந்தப் பெல்ட்டோட இரும்புநாக்கு அவுக தோளை இடிச்சு இடிச்சு, தூண்ல இருக்குற பிளாஸ்டிக்கையும் இடிச்சுருக்கு. "இந்தச் சனியன்தாண்டா ஆடுது"ன்னு முந்தானையால அதைப் பிடிச்சு அமுக்குனாக. டிக் நின்னுருச்சு. யாரும் உக்காராத சீட்டா இருந்தாலும் பெல்ட்டை மாட்டி வச்சா சத்தம் வராது, இவ்வளவுதான் விஷயம், இதுக்கு நான் ஒரு நாள் லீவு போட்டிருந்தேன்.

சத்தத்தை விடுங்க, குலுக்கலுக்கு வருவோம். ஸ்பீடு பிரேக்கர்ல பின்சீட்ல இருக்குறவுக எல்லாரும் ஒரே நேரத்துல "ஹம்மா"ங்குறாக. பேட்டரியே நானூறு கிலோவுக்கு மேல இருக்கும், அவ்வளவு கனத்தையும் தூக்கி நிறுத்தணும்னு ஸ்பிரிங்கை விறைப்பா வைக்கிறாங்க, அதோட ரிம்மு பெருசு, டயர்ல ரப்பர் உசரம் ரொம்பக் கம்மி, சின்னப் பள்ளம்னாலும் நேரா முதுகெலும்புக்கு வந்து ஆஜர் ஆயிரும். அதே வண்டி வேகம் எடுத்தா நல்லா அமுங்கி அலுங்காமப் போகுது, கனத்தை எல்லாம் அடில வச்சிருக்கறதால வளைவுல சாயுறதும் கம்மி. ஆனா எங்க தெருவுல எங்க வேகம் எடுக்குறது?

அப்பத்தா இதுக்கும் ஒரு கதை வச்சிருந்தாக. அவுக கல்யாணமாகி வந்தது வில்வண்டில, அடில வைக்கோலைப் பரப்பி அதுக்கு மேல ஜமுக்காளம் விரிச்சு மெத்து மெத்துன்னு கூட்டிட்டு வந்தாகளாம். "ஒண்டியா போனா வில்லு தூக்கித் தூக்கிப் போடும், நாலு பேரு ஏறுனாத்தான் வில்லு அமுங்கும். உன் வண்டிலயும் ஆள் பத்தல"ன்னாக. நான் சிரிச்சேன். அப்புறம் யோசிச்சுப் பாத்தா அதுல பொய்யே இல்ல, நான் மட்டும் போறதைவிட அஞ்சு பேரோட போறப்ப வண்டி உண்மைலயே நல்லாப் போகுது. வைக்கோல் யோசனையை மட்டும் தள்ளி வச்சிருக்கேன்.

பாதிக் குலுக்கலுக்குக் காரணம் வேற. பஞ்சர் கடைத் தம்பி ஒருத்தர் சும்மா காத்து செக் பண்ணப் போய் "அண்ணே, 44 இருக்கே, கல்லு மாதிரி இருக்குமே"ன்னாரு. கதவுத் தூண்ல ஒட்டியிருக்குற ஸ்டிக்கர்ல 35ன்னு போட்டிருக்கு. லாரில ஏத்தி அனுப்புறப்ப டயர் நெளியாம இருக்க காத்தைக் கூட வச்சு அனுப்புறது வழக்கம்தானாம், டெலிவரிக்கு முன்னாடி இறக்கணும், எனக்குக் குடுத்தவுக மாலை போட்டு போட்டோ எடுக்குற மும்முரத்துல இதை மறந்துட்டாக போல. காலைல டயர் சூடாகுறதுக்கு முன்னாடி வாங்கண்ணேன்னு சொல்லி மறுநாள் 35க்கு இறக்கி விட்டாரு. நம்ப மாட்டீங்க, "ஹம்மா" பாதியாக் கொறைஞ்சிருச்சு. அந்தத் தம்பி காசு கூட வாங்கல.

இப்ப ஞாயித்துக்கிழமை.

திருச்சில அயித்தை கொழுந்தனார் மகளுக்குக் கல்யாணம். முன்னாடி நானும் வீட்டுக்காரம்மாவும், பின்னாடி ஒரு ஜன்னல்ல அப்பத்தா, மறு ஜன்னல்ல அயித்தை, நடுவுல என் மகன். அவன் போன்ல டெசிபல் அளக்குற ஆப்பைப் போட்டுக்கிட்டு கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி சொல்லிட்டே வர்றான். ஊருக்குள்ள "அப்பா 54", கானாடுகாத்தான் தாண்டி ரோடு விரிஞ்சதும் "அப்பா 66". பத்து டெசிபல் கூடுனா காதுக்கு ரெண்டு மடங்கு சத்தமாத் தெரியும்டான்னு நான் விளக்குறேன். போன் ஆப்பெல்லாம் அவ்வளவு துல்லியம் கெடையாது, ஆனா அவன் அதுல மும்முரமா இருந்தா கேம் விளையாட மாட்டான்ல.

அயித்தைக்கு தலைசுத்தல். ஆக்சிலரேட்டர்ல இருந்து காலை எடுத்தா வண்டி தானா பிரேக் பிடிச்சுக் கரண்டைத் திரும்ப பேட்டரிக்கு அனுப்புற ஏற்பாடு இருக்குல்ல, அதை நான் மிச்சம் பிடிக்கிறேன்னு முழுசா வச்சிருந்தேன். ஓட்டுறவனுக்கு அது சுகம், பின்னாடி இருக்குறவுகளுக்கு தலை முன்ன போகுது பின்ன வருது. அயித்தை எலுமிச்சம்பழத்தை மோந்துக்கிட்டே "டிரைவர் புதுசா?"ன்னாக. ஆகக் கொறைச்சு வச்சேன், சரியாப் போச்சு.

திருமயம் கோட்டை பைரவர்கிட்ட நிறுத்தி ஒரு தேங்காய் ஒடைச்சுட்டுக் கிளம்புனோம். கிளம்பி அஞ்சு நிமிஷத்துல தலைக்கு மேல ஹெலிகாப்டர் வந்த மாதிரி "துப்துப்துப்துப்"னு காது அடைக்குது, எல்லாருக்கும் மூஞ்சி வெளிறிப் போச்சு, அயித்தை முருகாங்குறாக, மகன் மட்டும் "அப்பா 97!"னு குதிக்கிறான். பாத்தா அப்பத்தா வெத்தலை எச்சி துப்ப ஜன்னலை நாலு விரக்கடை இறக்கியிருக்காக. காலி பாட்டில் வாயில ஊதுனா பூன்னு வருமே அதே சங்கதிதான், காரு பாட்டில், ஜன்னல் அதோட வாய். முன்பக்கம் ஒரு ஜன்னலைக் கொஞ்சம் இறக்குனா நின்னுரும். இறக்குனேன், நின்னுச்சு. வெள்ளைக் கதவுல வழிஞ்சு காஞ்சிருந்த வெத்தலைச் சாறை புதுக்கோட்டைலதான் பாத்தேன், அதைப் பத்தி நான் பேசத் தயாரா இல்ல.

கல்யாணம் முடிஞ்சு திரும்புறப்பதான் விஷயமே. ராத்திரி, ரோட்டுல கூட்டமில்ல, நல்ல தார், அறுபதுல மெதுவாப் போறேன். அப்பத்தாவுக்குக் காது மந்தம்னு சொன்னேன்ல, அதனால அவுக ரகசியம்கிறது மத்தவுக பேச்சளவுக்கு இருக்கும். பழைய வண்டில எஞ்சின் அதை முழுங்கிரும். இவுகளுக்கு எஞ்சின் போனது தெரியாது. 14 வருஷப் பழக்கம், அதே அளவுல ஆரம்பிச்சுட்டாக.

"இவன் அப்பன் நல்லா ஓட்டுவான். இவனுக்கு வரல."

அயித்தை: "சின்ன வயசுல சைக்கிளே லேட்டாத்தானே ஓட்டுனான்."

வீட்டுக்காரம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டா. தோள் குலுங்குது. அது சஸ்பென்ஷன் இல்ல.

நான் கேக்காத மாதிரி வழக்கம்போல ஒரு பாட்டை முணுமுணுத்தேன். அதுக்கு அப்பத்தா "இந்த மொனங்கலை முந்தி கேட்டதில்லையே, வண்டில எதுவும் ரிப்பேரா?"ன்னாக. 14 வருஷமா ஒவ்வொரு பயணத்துலயும் ரசிச்சுப் பாடிட்டு வந்தவன் நான். அந்த எஞ்சின் அவுககிட்ட இருந்து என்னை மட்டும் காப்பாத்தல, என்கிட்ட இருந்து அவுகளையும் காப்பாத்தியிருக்கு.

பாடுறதை நிறுத்துனேன். அப்புறம் என் தொப்பை, நான் மொய் எழுதுன லட்சணம், என் கல்யாணத்துல நான் போட்டிருந்த கோட்டு, நாலு வருஷத்துக்கு முன்னாடி புதுவயல்ல ஒரு மனையை அவசரப்பட்டு வித்தது எல்லாம் வரிசையா வந்துச்சு. இடைல இடைல வீட்டுக்காரம்மாவும் திரும்பி "அதை ஏன் கேக்குறீக அப்பத்தா"ன்னு எடுத்துக் குடுக்குறா.

என் வண்டில பொய்யா எஞ்சின் சத்தம் போடுற ஒரு வசதி இருக்கு, ஸ்பீக்கர்ல ரேஸ் கார் மாதிரி உறுமும். வாங்குனப்ப எந்தக் கிறுக்கன் இதைப் போடுவான்னு நினைச்சேன். போட்டேன். வண்டி உறும ஆரம்பிச்சது. பின்னாடி ஒரு நிமிஷம் பேச்சைக் காணோம்.

"அவன் எதுக்குத்தா திடீர்னு சத்தம் வைக்கிறான்?"

"நாம பேசுறது கேக்குது போல."

"கேட்டா என்ன, நான் என்ன இல்லாததையா சொல்லிட்டேன்? சத்தமாவே பேசு."

பேசுனாக. உறுமலையும் தாண்டிக் கேட்டுச்சு. ஊர் நெருங்குறப்ப ரயில்வே கேட் போட்டிருந்துச்சு, வண்டி நின்னதும் உறுமலும் நின்னு போச்சு. முன்னாடி ஒரு டவுன் பஸ், ரெண்டு பக்கமும் பொட்டல் இருட்டு. அப்பத்தா முன்னால சாஞ்சு, ரகசியம் எல்லாம் இல்ல, நேராவே என் தோளைத் தட்டிக் கேட்டாக.

"ஏன் அப்பு, வண்டி 16 லட்சம்னு என்கிட்டச் சொன்ன. 23ஆமே?"

அப்பத்தாகிட்டச் சொன்னது 16. வீட்டுக்காரம்மாகிட்டச் சொன்னது 19. மூணாவது ஒரு நம்பர் இருக்குன்னு தெரிஞ்ச ஆள் இந்த வண்டில இன்னொருத்தன்தான், ஷோரூம்ல என் கூட உக்காந்து ஓசி ஜூஸ் குடிச்சவன். வீட்டுக்காரம்மா தோள் குலுங்குறது நின்னுருச்சு. மெதுவா என் பக்கம் திரும்புனா. அயித்தை கைல எலுமிச்சம்பழம் அப்படியே நிக்குது. யாரும் மூச்சு விடல.

நடுவுல இருந்து மகன் போனைப் பாத்துட்டு மெல்லச் சொல்றான்.

"அப்பா... 38."